முள் பச்சைக்கு வரும்வரை

முதலில் மரக்கால். களத்தில் கூலி நெல் அளக்கிற மரக்காலுக்குள் ஒரு விரல் கனத்துக்குக் கள்ள அடிப்பலகை வைத்து அடித்திருந்தார்கள். நான் அதைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினேன், என் முன்பற்கள் அந்தக் களத்திலேயே விழுந்தன. இரண்டாவது கொடிமரம், சங்கத்துக்காக நாங்கள் நட்டதை வெட்டி அடுப்பெரித்தார்கள், அந்த அடுப்பில் எங்கள் பெண்களையே நெல் அவிக்கச் சொன்னார்கள். மூன்றாவது குத்தகை, உழுதவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிலத்தை விற்றார்கள். நான்காவது கடல், வாங்கியவர் வாய்க்கால் வெட்டி உப்புத்தண்ணீரை வயலுக்குள் கொண்டுவந்து இறால் குட்டை ஆக்கினார். ஐந்தாவது கிணறு, குட்டையின் உப்பு மண்ணுக்கடியிலேயே நடந்துபோய்க் குடிதண்ணீரில் ஏறியது. ஆறாவது கால், பிளீச்சிங் பவுடர் கொட்டிய குட்டையில் பெண்களை வெறுங்காலோடு இறக்கினார்கள், விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிற்று, பூட்ஸ் கேட்டதற்கு, நாத்து நடும்போது பூட்ஸ் போட்டுக்கிட்டா நட்டீங்க என்றார்கள். ஏழாவது பறவை, இறாலைக் கொத்துகிறதென்று நீர்க்காகத்தையும் கொக்கையும் சுடத் துப்பாக்கி வந்தது, ஒரு குண்டு ஒருத்தியின் இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் குடத்தைத் துளைத்தது, புகார் கொடுத்தோம், விளையாட்டுச் சாமான் என்று எழுதி மூடினார்கள். எட்டாவது செங்கமலம். என் மனைவி.

வரிசை மாறக் கூடாது. ஆயுள் முழுக்கத் துண்டறிக்கை எழுதியவன் நான், எனக்குத் தெரியும்; முதல் குற்றத்தை முதலில் சொல்லாவிட்டால் கடைசிக் குற்றம் ஏதோ தற்செயல் போலத் தெரியும். அதனால்தான் காலையிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன், மரக்கால், கொடிமரம், குத்தகை, கடல், கிணறு, கால், பறவை, அதற்குமேல் நாக்கு நின்றுவிடுகிறது, மறுபடி மரக்கால். இப்போது பண்ணையின் நடுவரப்பில் இறால் தீவன மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். வெயில் தண்ணீரில் விழுந்து உடைந்து முகத்தில் அடிக்கிறது. குட்டைகளில் தண்ணீருக்குக் காற்றேற்றும் காற்றுச் சக்கரங்கள் சுழன்று வெள்ளை நுரையைத் துப்புகின்றன, அந்தச் சத்தம் ஒரே சீராக வருவதால் அது சத்தமாகவே இல்லை, காதுக்குள் யாரோ பஞ்சு வைத்தது போல, தூங்கு தூங்கு என்பது போல இருக்கிறது. தூங்கக் கூடாது. நாங்கள் சாலையில் உட்கார்ந்து பேருந்தை மறித்த பிறகு தாசில்தார் அம்மா கூட்டிய சமாதானக் கூட்டத்தில் எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி இன்று சோதனை. ஊரார் முன்னால், செங்கமலம் அன்று நின்ற தூரத்தில் ஒரு மாம்பலகையை நிறுத்தி, அந்தத் துப்பாக்கியால் மூன்று குண்டு சுட்டுப் பார்ப்பது. குண்டு பலகையைத் துளைத்தால் துப்பாக்கி வழக்குக்குள் வரும். துளைக்காவிட்டால் வராது. அவள் விலாவிலிருந்து எடுத்த ஈயம் எலும்பில் பட்டு நசுங்கிப் போயிருந்ததால் அது எந்தத் துப்பாக்கியின் குண்டென்று டாக்டர் எழுதவில்லை. கொக்கு சுட வருகிற வெளியூர் வேட்டைக்காரன் எவனோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டிருப்பான் என்கிறார் முதலாளி வேதமூர்த்தி. எங்களிடம் இருப்பது காற்றுத் துப்பாக்கி, தோலைக்கூடத் தாண்டாது என்கிறார். அப்படியே தாண்டினாலும் அதைக் கையாண்டது காவலாளி தருமையன்தான், எங்க மாப்ளைக்கு அதப் பிடிக்கவே தெரியாது என்கிறார். ஒரு வாசல் மூடினால் இன்னொரு வாசல். பணக்காரன் வீட்டுக்கு எப்போதும் கொல்லைப்புறம் உண்டு.

தருமையன் பம்பை அடித்துக்கொண்டிருக்கிறான். சைக்கிள் பம்பு போலத்தான், இன்னும் ஒல்லி, இன்னும் உயரம். கீழே காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்து அமுக்குகிறான், ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவனுடைய தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் ஏறி இறங்குகிறது. காற்று போகிற இடம் குழாய்க்கு அடியிலிருக்கும் உருளை. அதன் முனையில் சின்ன மீட்டர், பச்சையாக ஒரு பட்டை, அதைத் தாண்டிச் சிவப்பாக ஒரு பட்டை, நடுவில் முள். தாசில்தார் அம்மா குனிந்து பார்த்து எழுத்தரிடம் ஏதோ சொல்கிறார். "இன்னும் அடிப்பா" என்கிறார் முதலாளி. "ஃபுல்லா அடி. பாதியோட விட்டா நாம வேணும்னே காத்தக் கொறச்சிட்டோம்னு சொல்லுவாங்க. நமக்கு எதுக்கு அந்தப் பேரு?" எவ்வளவு நியாயமான மனிதர். அந்த நியாயத்தின் வாசனை எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். முள் பச்சையைத் தாண்டிச் சிவப்புக்குள் போகிறது. காற்றைப் போய் இப்படி அடைக்கிறார்கள். பார்க்க முடியாத ஒன்றை, யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை, இங்கேயே இந்த வரப்பிலேயே கிடப்பதை எடுத்து, ஒரு இரும்புக்குள் திணித்துத் திணித்து, அது வெளியே போகத் தவிக்கிற தவிப்பை ஆயுதமாக்கிக்கொள்கிறார்கள். எட்டணாவுக்கு வாங்கிய அறிவியல் பிரசுரம் ஒன்றில் படித்தேன், அடைபட்ட காற்று எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும் என்று. எல்லாப் பக்கமும் சமமாக. அந்த வரியைக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். செங்கமலம் மட்டும் தட்டவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க பேசுறது ஊருக்குப் புரியிது. எனக்குத்தான் பசிக்கிது" என்றாள் வீட்டுக்குப் போகும் வழியில்.

எல்லாப் பக்கமும் சமமாக என்றால் கதவின்மேலும்தானே. இது எனக்கு முந்தாநாள் மத்தியானம் மதகடியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் நின்றால் மதகுப் பலகையை ஒரு ஆள் தூக்க முடியாது, தண்ணீரே அதைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும், இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் நாலு விரல் திறந்து ஒழுகிவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாதித் தண்ணீரில் ஒரு இழுப்பு, பலகை மேலே வரும், தண்ணீர் யானை மாதிரி பாயும். துப்பாக்கிக்குள்ளும் ஒரு மதகு இருக்கத்தான் வேண்டும். விசையை இழுத்தால் ஒரு சுத்தியல் போய் அதைத் தட்டும், அது திறந்து கொஞ்சம் காற்று குழாய்க்குள் பாயும், குண்டு ஓடும். உருளைக்குள் காற்று அளவுக்கு மீறி நின்றால்? சுத்தியல் அதே சுத்தியல். மதகு ஒட்டிக்கொள்ளும். முள் சிவப்பில் நிற்கிறது, பார்க்கிறவர்கள் அம்மாடி எவ்வளவு பலம் என்கிறார்கள், வெளியே வருவதோ ஏப்பம். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கப் பார்க்கிறேன், கால் மரத்திருக்கிறது. இதை இப்போது எழுந்து கத்திச் சொன்னால் என்ன ஆகும். வைரக்கண்ணு ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். என் குரலுக்கு இந்தத் தாலுகாவில் அந்த மதிப்புத்தான் மிச்சம்.

பிறகு குழாயின் நீளம். அதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணை எடுக்க முடியவில்லை, வெயிலில் அது இன்னும் நீண்டுகொண்டே போவது போல, வரப்பின் கடைசிவரை, கடல்வரை. சின்ன வயதில் பப்பாளித் தண்டை நறுக்கி உள்ளே வேப்பங்கொட்டையை வைத்து ஊதுவோம். சாண் நீளத் தண்டில் கொட்டை காலடியில் விழும், மூச்சு அதைப் பிடித்துத் தள்ளுவதற்குள் அது வெளியே வந்துவிடும். முழ நீளத் தண்டில் ஊதினால் எதிர்வீட்டு ஆட்டின்மேல் பட்டு ஆடு துள்ளும். அதைவிட நீளமாக இரண்டு தண்டைச் சொருகி ஊதினால் பாதி வழியில் மூச்சு தீர்ந்துபோய்க் கொட்டை உள்ளேயே உரசி நின்றுவிடும், வாயில் பப்பாளிப் பால் கசக்கும். எவ்வளவு நீளம் வேண்டும் என்பது எவ்வளவு மூச்சு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திருவிழாக் கடையின் பலூன் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் தருகிற ஒரே மூச்சு, அதற்கு நீளக் குழாய் வீண். இதற்கோ ஒரு உருளை நிறைய மூச்சு, குண்டு உள்ளே இருக்கும்வரை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும், குழாய் நீள நீள வேகம் ஏறும். இந்தக் குழாயை யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கட்டைக்கும் குழாய்க்கும் நிறம் ஒட்டவில்லை. கொக்கு சுட இவ்வளவு நீளம் எதற்கு? அழகுக்குத்தான், மாப்பிள்ளைக்கு. அதோ பண்ணை வீட்டு வராந்தாவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செல்போனைப் பார்ப்பது போல நிற்கிறான். செல்போனைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத்தான் பார்க்கிறான். தருமையன் கட்டையைத் தரையில் சாய்த்தபோது அவன் தோள் ஒரு கணம் சிலிர்த்ததை நான் பார்த்தேன், குழந்தையை முரட்டுத்தனமாகத் தூக்கினால் தாய்க்கு ஆவது போல.

அவள் குளவி என்றுதான் சொன்னாள். அதற்குள் போகக் கூடாது என்று நினைத்தேன், போய்விட்டேன். சேலைக்கு மேலே என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாள், எல்லாப் பெண்களும் அப்படித்தான், அந்தச் சட்டையோடு வாசலில் வந்து நின்று, "ஏங்க, குளவி கொட்டிருச்சு, விலாவுல" என்றாள். முகத்தில் வியர்வை, உதட்டோரம் ஒரு மாதிரி சாம்பல் பூத்தது போல. சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு பச்சைப்பயறு அளவு சிவப்பு, ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. குளவி கொட்டினால் என்ன செய்வோம்? வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினேன். ஆள்காட்டி விரலால், மெதுவாக, வட்டமாக. சில்லுனு இருக்குங்க என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, "மாப்ள கொக்கு சுட்டுக்கிட்டிருந்தாரு, நான் குனிஞ்சு வலைய எடுத்தேன், அந்நேரம் பாத்து இந்தச் சனியன் கொட்டுது" என்றாள். பாய் போடச் சொன்னாள். அவள் படுத்த பிறகு நான் வாசலில் உட்கார்ந்து பஞ்சாயத்து யூனியனுக்கு ஒரு மனு எழுதினேன், பூட்ஸைப் பற்றி. உள்ளிருந்து அவள் மூச்சு கேட்டது, சின்னச் சின்னதாக, குறுகிய குழாய் மூச்சு. இப்போதுகூட விரலில் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறது, கழுவிவிட்டேன், இருக்கிறது, வெயிலில் காய்ந்து தோலை இழுக்கிறது. அந்தத் துளைக்குள் ஒரு ஈயம் இருந்ததும், அது உள்ளே எதை எதையோ கடந்துபோயிருந்ததும், நான் அதன் வாசலை வெள்ளையடித்துக்கொண்டிருந்ததும். அவள் நடந்து வந்திருக்கிறாள், அவ்வளவு தூரம். வரப்பு, மதகு, ரோடு. இப்போதும் எதிர்வரப்பில் வெயில் நெளிகிற இடத்தில் ஒரு சட்டை நடந்து வருகிறது, நெருங்காமலே வந்துகொண்டிருக்கிறது, காற்றுச் சக்கரத்தின் நுரையிலிருந்து எழுந்து நுரையிலேயே இறங்குகிறது. அவள் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். புருஷன் சாட்சி எடுபடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"ரெடியா?" என்கிறார் இன்ஸ்பெக்டர். தருமையன் தலையாட்டுகிறான். அவனோடு நான் பேசி வருஷங்களாகிவிட்டன. சங்கத்தில் எனக்கு அடுத்தபடி நின்றவன், இரண்டு தடவை என்னோடு ஒரே அறையில் ஜெயிலில் படுத்தவன், கடல் உள்ளே வந்த வருஷம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு இந்தப் பண்ணை வாசலில் போய் நின்றான். கருங்காலி என்று கடைத்தெருவில் வைத்துக் கத்தினேன். "ஒக்காந்து டீ குடிங்கண்ணே" என்றான் அவன். அதற்குப் பிறகு எதிரே வந்தால் நான் ஓரமாகத் திரும்பிக்கொள்வேன், அவன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான், அவ்வளவுதான். இப்போது ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்திருக்கிறார்கள். துப்பாக்கி என் பொறுப்பில் இருந்தது என்று அவனிடம் ஏற்கனவே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கட்டையைத் தோளில் வைக்கிறான். டப். அவ்வளவுதான், ஈரத் துணியை உதறியது போல. தலையாரி ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "குண்டு ஒட்டிக்கிட்டிருக்கு, கையால எடுத்துடலாம்" என்று கத்துகிறார். இரண்டாவது. டப். இன்னும் கீழே, பலகையில் ஒரு பள்ளம். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. என் வாய் திறந்துவிட்டது. காற்றை இறக்குங்கள், முள் பச்சைக்கு வரட்டும், பிறகு சுடுங்கள், அப்போது தெரியும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் தருமையன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு கணம். அதில் வேண்டுதல் ஒன்றுமில்லை, பயம்கூட இல்லை, ஒரே அறையில் படுத்திருந்தபோது நடு இரவில் பார்ப்பானே, நீ முழித்திருக்கிறாயா என்று, அந்தப் பார்வை. இவனுக்குத் தெரிந்திருக்கிறது. முள் எங்கே நிற்க வேண்டுமென்று தெரிந்துகொண்டேதான் முதலாளி சொன்னபடி சிவப்புக்கு ஏற்றியிருக்கிறான். நான் இப்போது கத்தினால், அவர்கள் கேட்டுவிட்டால், காற்றை இறக்கிவிட்டு அடுத்த குண்டை இவனைத்தான் சுடச் சொல்வார்கள். குண்டு பலகையைத் துளைக்கும். இவன் கையால் துளைக்கும். எழுத்தர் இவனை எழுதுவார். முதலாளியின் முதல் வாசலை நான் மூட, இரண்டாவது வாசலை நானே திறந்து கொடுத்தவன் ஆவேன். துப்பாக்கி கொல்லும் என்பதும் தெரிய வேண்டும், கொன்ற கையும் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே நொடியில். டப். மூன்றாவதும் ஆகிவிட்டது.

"மூணு ஆச்சுங்களே மேடம். மூணுன்னுதான பேச்சு" என்கிறார் முதலாளி. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். தாசில்தார் அம்மா என் பக்கம் திரும்புகிறார், "வைரக்கண்ணு, ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் ரோட்டுல உக்காரக் கூடாது." இன்ஸ்பெக்டர், "இவர் மைக்கப் புடிச்சா பொழுது போயிரும் மேடம்" என்கிறார், சிரிக்கிறார்கள். எழுந்திருக்கிறேன். எனக்குள் எவ்வளவோ அடைத்துக் கிடக்கிறது, மரக்காலிலிருந்து ஆரம்பித்து, அது மூடியின்மேல் முட்டி மூடியையே இறுக்குகிறது, எத்தனை மேடையில் இப்படி நின்று வெறும் சத்தமாகப் போயிருக்கிறேன், கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்களே. கத்தக் கூடாது. நெஞ்சிலிருந்து கொஞ்சம் காற்றைச் சும்மா வெளியே விட்டேன். அது சிரிப்பாக வந்தது. முன்பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டேன். "ஆட்சேபணை ஒண்ணும் இல்லீங்கம்மா. தப்பு எங்க மேலதான். பலூன் துப்பாக்கியப் பாத்துட்டு ஊரக் கூட்டிட்டோம்." சனங்கள் திகைத்துப் பார்க்கிறார்கள். வைரக்கண்ணு மன்னிப்புக் கேட்கிறானா? பெண்டாட்டி போனதில் புத்தி பேதலித்துவிட்டதா? பவுனம்பாளைத் தேடுகிறேன், செங்கமலத்தோடு ஒரே குட்டையில் வலை இழுத்தவள், பண்ணையிலேயே நீளமான நாக்கு அவளுக்குத்தான். என் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். நான் கண்ணை வராந்தாப் பக்கம் ஒரு தடவை ஓட்டுகிறேன். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்கிறாள்.

"ஏண்ணே, திருவிழாக் கடையில பலூன் கட்டி வச்சிருப்பானே, அந்தத் துப்பாக்கியா இது?"

"அதுல பலூனாச்சும் ஒடையும், பவுனு."

"அப்ப இங்க செத்து மெதந்த கொக்கெல்லாம் எப்புடிண்ணே செத்துச்சு?"

"மாப்ள ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுக் குறி பாப்பாருல்ல, அந்த அழகப் பாத்துச் சிரிச்சுச் செத்துருக்கும்."

சிரிப்பு வெடிக்கிறது. வெடித்த பிறகு தொற்றிக்கொள்கிறது, வலை இழுக்கிற பெண்கள், தீவனம் போடுகிறவர்கள், தலையாரிகூட வாயைப் பொத்திக்கொள்கிறார். யாரோ பின்னாலிருந்து, "கல்யாணத்துக்குக் கார் கேட்டாராம், மாமனாரு இதக் குடுத்து அழுகைய நிறுத்திட்டாராம்" என்கிறார்கள். இன்னொருத்தி, "குழாய் மட்டும் எம்புட்டு நீளம் பாரு, அடுப்பு ஊதத்தான் ஆவும்" என்கிறாள். நானும் சிரிக்கிறேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் மண்ணுக்குள் போய் அந்த மண் இன்னும் காயவில்லை, நான் சிரிக்கிறேன், சிரிப்பு என்னைவிட்டுத் தனியாகப் போய் நின்று என்னைப் பார்க்கிறது. இது பலிக்காவிட்டால்? மஞ்சள் வெயில், நுரை, பெண்களின் பல்வரிசை, எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல மெதுவாக அசைகின்றன. இது பலிக்காவிட்டால் செங்கமலத்துக்கான கடைசிக் காரியமாக நான் செய்தது இந்தச் சிரிப்பாக இருக்கும். வராந்தாவில் கறுப்புக் கண்ணாடி கழன்று சட்டைப் பைக்குள் போகிறது. படியில் கால் வைக்கிறான். "மாப்ள, நீங்க உள்ள போங்க" என்கிறார் முதலாளி. அவன் இறங்கிவிட்டான்.

"யாருய்யா பலூன் துப்பாக்கின்னது?"

"விடுங்க மாப்ள, அவங்க பேச்சு."

"இல்ல மாமா, இவனுங்களுக்கு என்ன தெரியும்? கடையில வந்த பேரலக் கழட்டிட்டு ஒன்றரை மடங்கு நீளத்துக்கு வரவழச்சு மாட்டிருக்கேன் நான். அடுப்பூதவா?"

தருமையன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்குகிறான். மீட்டரைப் பார்க்கிறான். அவன் முகத்தில் வந்த கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம், தன் பொருளை அறியாதவன் தொட்டுவிட்டானே என்கிற கோபம், மேடையில் என் வரியைத் தப்பாகச் சொன்னவனிடம் எனக்கு வருவது. "எத்தன தடவ சொல்லிக் குடுத்துருக்கேன் ஒனக்கு, முள்ளு பச்சையில நிக்கணும்னு? செவப்புல வச்சு அடிச்சா வால்வு எப்படிய்யா தொறக்கும்?" தருமையன் தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துட்டேங்க தம்பி" என்கிறான். முதலாளி ஒரு அடி முன்னால் வைத்தார், வாயைத் திறந்தார், அங்கே தாசில்தார் அம்மா நிற்கிறார், இன்ஸ்பெக்டர் நிற்கிறார், ஊர் நிற்கிறது, எதைச் சொல்லித் தடுப்பார்? உனக்குத்தான் இதைப் பிடிக்கவே தெரியாதே என்றா? மாப்பிள்ளை குழாயை வானத்துக்குத் தூக்கி, காற்று இறங்குவதற்காகக் குண்டில்லாமல் வெறுமனே சுடுகிறான். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொரு சூட்டுக்கும் சத்தம் மாறுகிறது, ஈரத் துணி காய்கிறது, துணி விறைக்கிறது, கடைசியில் சாட்டை. திட்டில் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரே விரிப்பாக எழும்பி எங்கள் தலைக்கு மேல் போகின்றன, அவற்றின் நிழல் வரப்பிலும் முகங்களிலும் தாசில்தார் அம்மாவின் குடையிலும் ஓடுகிறது. அவன் குண்டு வைக்கிறான். அவசரமே இல்லை. கட்டை தோளில் போய் உட்காருகிற இடம் அதற்கென்றே பள்ளமாக்கி வைத்திருந்தது போல உட்காருகிறது, கன்னம் சாய்கிறது, ஒத்தைக் கண் மூடுகிறது, அழகாகத்தான் இருக்கிறது, உண்மையைச் சொல்ல வேண்டும், ரொம்ப அழகாக இருக்கிறது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிறான். நானும் நிறுத்தியிருக்கிறேன். இப்படித்தான் அன்றும் நின்றிருப்பான், இந்த இடத்தில், இந்த மூச்சோடு, கொக்குக்கு அப்பால் ஒருத்தி குனிந்து வலையை எடுத்தது கண்ணில் படாமல், அல்லது பட்டு.

பலகை அசையவே இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை, தப்பிவிட்டதென்று நினைத்தேன். பிறகு பலகைக்குப் பின்னால் குட்டையில் தண்ணீர் ஒரு கோடாகக் கிழிந்து மூடிக்கொண்டதைப் பார்த்தேன். தலையாரி நடந்தே போனார், இந்த முறை ஓடவில்லை. பலகையைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார். ஒரு பச்சைப்பயறு அளவு வெளிச்சம். யாரும் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா?" என்றான் மாப்பிள்ளை, என்னைப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, பரிசு வாங்க வருகிற பிள்ளை மாதிரி. யாரும் ஒன்றும் சொல்லாததால் அந்த மலர்ச்சி எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு அவன் தன் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தருமையன் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செங்கமலம், குளவி இல்லையடி. இதை அவளிடம் யார் போய்ச் சொல்வது? எதிர்வரப்பில் வெயில் நெளிகிறது, நெளிகிறது, அங்கே ஒருவரும் இல்லை, இருந்த இடம் மட்டும் இருக்கிறது.

எழுத்தர் தீவன மூட்டையின்மேல் பலகையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். முதலாளி குனிந்து தாழ்ந்த குரலில், "மேடம், மூணு குண்டுன்னுதான ஒப்பந்தம், அதோட நிறுத்திக்கலாமே, இது மாப்ள ஏதோ வெளையாட்டா" என்கிறார். தாசில்தார் அம்மா குடையை மடக்குகிறார். "எங்கண்ணு முன்னாடி நடந்தத எழுதாம இருக்க முடியாது சார்." இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறார், வாங்கும்போதே அவனைச் சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார், அதை நான் கேட்டேன். சாட்சிகளைக் கூப்பிடுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஒருவர். ஊர் சார்பில் பவுனம்பாள், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறாள். "படிச்சுக் காட்டுங்க, சத்தமா" என்கிறார் தாசில்தார் அம்மா. எங்கோ யாரோ காற்றுச் சக்கரங்களை நிறுத்தியிருக்கிறார்கள், அப்படி ஒரு அமைதி இந்தக் குட்டைகளுக்கு உண்டு என்றே எனக்குத் தெரியாது, நுரை ஒவ்வொன்றாக உடைவதுகூடக் கேட்கும் போலிருக்கிறது. எழுத்தர் தொண்டையைச் செருமுகிறார். "மேற்படி காற்றுத் துப்பாக்கியின் அழுத்தமானி முள் சிவப்பில் இருக்கும்போது காவலாளி தருமையன் சுட்ட மூன்று குண்டுகளும் பலகையைத் துளைக்கவில்லை. பின்னர், முள் பச்சையில் இருக்க வேண்டும் என்று தாமே தெரிவித்து, அழுத்தத்தைத் தாமே குறைத்து, குழாயைத் தாமே மாற்றியதாகவும் கூறி, சாட்சிகளாகிய எங்கள் முன்னிலையில் நான்காவது குண்டைச் சுட்டுப் பலகையைத் துளைத்தவர்," மூச்சு வாங்குகிறார், தாளைத் திருப்புகிறார், "விசுவலிங்கம் மகன் ராஜ்மோகன்."